ஓட்டமும் உடுப்பும்

"கிராணியாருக்கு எதற்கு இந்த ஓட்டம்? யாராவது துரத்துகிறார்களா?" என்று எங்கள் தோட்டத்தில் என்னைக் கேளாதவர் இல்லை. கேட்பவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஓடியவர்களே. பெரட்டுக்கு நேரமாயிற்றென்று ஓடினார்கள்; மழை வருமுன் மங்கிலுள்ள பாலைச் சேர்க்க நிரைநிரையாக ஓடினார்கள்; பால் உறையுமுன் காண்டாவைத் தோளில் தாங்கிக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்கு ஓடினார்கள். வயிற்றுக்காக ஓடியே களைத்துப்போன சமூகத்தில், ஒருவன் எவரும் ஏவாமலும் கூலி பெறாமலும் விடியற்காலையில் ஐந்தாறு கட்டை ஓடிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்பானாயின், அவனைப் பித்தன் என்று எண்ணுவது இயற்கையே.

நான் ஓடத் தொடங்கியது ஆசையினால் அன்று, அச்சத்தினால். என் தந்தையார் கெடா மாநிலத்தில் பீடோங்குக்கு அருகேயுள்ள தோட்டமொன்றில் லாரி ஓட்டியவர். நீரிழிவு நோய் அவருக்கு நெடுநாளாக இருந்தது. ஒருநாள் அவருடைய உள்ளங்காலில் சிறு ஆணியொன்று தைத்திருந்ததை என் தாயார் கண்டார். எப்பொழுது தைத்ததென்று கேட்டதற்கு அவரால் சொல்ல முடியவில்லை. கால் உணர்ச்சியற்றுப் போயிருந்தது. புண் ஆறவில்லை, முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அதன்பின் இரண்டே ஆண்டுகள் இருந்தார். என் முப்பத்து நான்காம் வயதில் வைத்தியர் என் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "நோய் இன்னும் உள்ளே வந்துவிடவில்லை, ஆனால் வாசற்படியில் நிற்கிறது" என்று கூறியபோது, எனக்கு நினைவில் வந்தது அந்த ஆணிதான்.

2019-ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் நீரிழிவு உடையவர்களாகக் காணப்பட்டனர். இந்தியரிடையே அத்தொகை நூற்றுக்கு 31-ஐத் தாண்டியது. மூவர் அமர்ந்திருக்கும் பெஞ்சில் ஏறக்குறைய ஒருவர் என்று பொருள். எங்கள் ஆபீசில் நாங்கள் மூவர் இருந்தோம்.

ஓடுவதென்று முடிவு செய்தவுடன் நான் செய்த முதற்காரியம் ஓடியதன்று, சாமான் வாங்கியது. மாமன் தயவால் பினாங்கில் ஆங்கிலவழிப் பள்ளியொன்றில் பயின்றவன் நான். ஆங்கிலத்தில் அச்சேறியது எதுவும் மெய்யென்று நம்பும் பழக்கமும் அந்தப் படிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஓட்டத்தைப்பற்றிக் குளிர்நாட்டார் எழுதிய நூல்கள் சிலவற்றைப் படித்தேன். உடம்பின் சூட்டைக் காப்பது எப்படி என்று அவற்றில் அதிகாரம் அதிகாரமாக எழுதியிருந்தார்கள். கெடாவில் வாழ்பவன் சூட்டைக் காப்பதற்கு நூல் படிக்க வேண்டுமா என்று அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை. சுங்கை பட்டாணியில் ஒரு கடைக்குச் சென்று, பஞ்சுபோன்ற அடியுடைய சப்பாத்து ஒரு ஜோடி, தடித்த பருத்திக் காலுறை, மேனியோடு ஒட்டும் கறுப்புக் காற்சட்டை, இவற்றோடு வியர்வையைப் பெருக்கிக் கொழுப்பைக் கரைக்குமென்று விற்பவர் உறுதி கூறிய நெகிழிச் சட்டை ஒன்று ஆகியவற்றை, என் மாதச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

அது மார்ச்சு மாதம். ஆண்டின் தொடக்கத்து வறட்சி வடமாநிலங்களில் எத்தகையது என்பதை அங்கு வாழ்வோர் அறிவர். இந்நாட்டில் பதிவான உச்ச வெப்பமாகிய 40.1 பாகை, 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் எங்கள் அண்டை மாநிலமான பெர்லிஸில் சுப்பிங் என்ற இடத்தில்தான் கண்டது. நிழல் தரவேண்டிய ரப்பர் மரங்களும் அந்தப் பருவத்தில்தான் இலையுதிர்த்து எலும்பாய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நெகிழிச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, செம்மண் சாலையில் ஓடத் தொடங்கினேன். மூன்றாவது கிலோமீட்டரில் காதில் இரைச்சல் கேட்டது. நாலாவதில், அத்தனை வெயிலிலும் உடம்பு குளிர்ந்து மயிர்க்கூச்செறிந்தது. அதை நல்ல அறிகுறி என்றே எண்ணினேன். பிறகு சாலை சாய்ந்தது. சாய்ந்தது சாலை அன்று, நான்.

"ஐயா, ஐயா" என்று யாரோ அழைப்பது தொலைவில் கேட்டது. ஒட்டுப்பால் பொறுக்க வந்த ஒரு மூதாட்டியார். அவரை நான் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணாக அறிவேன். நின்று முகம் பார்த்துப் பேசியதில்லை. அவர் தம் இடுப்பிலிருந்த கத்தியால் என் நெகிழிச் சட்டையைக் கிழித்தார். போத்தலில் இருந்த நீரைக் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றினார். தம் தொப்பியால் விசிறினார். நான் கண் திறந்தபோது அவர் வாயில் "ஐயா" போய்த் "தம்பி" வந்திருந்தது.

"என்னா தம்பி இது, மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு வெயில்ல ஓடுறீங்க? உள்ள இருக்கிற சூடு எந்த வழியா வெளிய போவும்?"

நான் கற்றும் கருதாது விட்ட பௌதிகம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தது. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 60 கலோரி செலவாகிறது. அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் காலை நகர்த்தாமல் வெறும் சூடாகவே உடம்பில் தங்குகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற நமக்குள்ள முக்கியமான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியாகிப் போனால் 580 கலோரி அளவுச் சூட்டைத் தன்னோடு கொண்டுபோகும். கவனிக்க வேண்டிய சொல் ஆவி என்பதே. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. நெகிழிச் சட்டைக்குள் தேங்கும் வியர்வையும் அவ்வாறே. கொழுப்பு கரைந்ததென்று நான் தராசில் கண்ட எடைக்குறைவு, வெறும் நீரின் எடை.

என் பேதைமைக்கு உலகில் முன்னோடி இல்லாமலில்லை. 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் நடந்த நாள் கடும் வெயில். போர்த்துகல் நாட்டுத் தச்சுத் தொழிலாளியான பிரான்சிஸ்கோ லாசாரோ, வெயில் தன் தோலைச் சுடாதிருக்க வேண்டுமென்று மேனியில் மெழுகு பூசிக்கொண்டு ஓடினார். மெழுகு வெயிலைத் தடுத்ததோ இல்லையோ, வியர்வையைத் தடுத்தது. முப்பதாம் கிலோமீட்டரளவில் விழுந்தவர் மறுநாள் காலையில் உயிர் நீத்தார். அவர் மெழுகால் செய்ததை நான் நெகிழியால் செய்தேன். அவருக்குச் சாலையோரத்தில் எங்கள் மூதாட்டியார் கிடைக்கவில்லை, அவ்வளவே வேறுபாடு.

அந்த நாளுக்குப் பிறகு ஓட்டத்துக்கான உடுப்பை நான் கடைக் கண்ணாடிக்குள் தேடவில்லை. நிரைகளுக்குள் பார்த்துக் கற்றேன். வெயிலில் உழைக்கும் கலையில் நூறாண்டுப் பயிற்சியுள்ள மக்கள் என் ஆபீஸ் சன்னலுக்கு வெளியிலேயே நடமாடிக்கொண்டிருக்க, நான் குளிர்நாட்டு நூலைப் புரட்டினேன் என்பதை எண்ணும்போது இன்றும் நாணுகிறேன்.

முதற்பாடம் நேரத்தைப் பற்றியது. பால்வெட்டு ஏன் இருள் பிரியுமுன் தொடங்குகிறது? துரைமாரின் பிடிவாதம் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். காரணம் மரத்தினுள் இருக்கிறது. இரவு முழுவதும் வேர் உறிஞ்சிய நீரால் பட்டையிலுள்ள பாற்குழாய்கள் புடைத்து நிற்கின்றன. விடியற்காலையில் அவற்றினுள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் பத்து மடங்கு. கதிரவன் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கும்; அழுத்தம் தளரும்; பால் குறையும். எனவே பத்து மணிக்கு வெட்டப்படும் மரம் ஐந்தரை மணிக்கு வெட்டப்பட்ட மரத்தைப்போல் கொடுப்பதில்லை. மனிதனும் அவ்வாறே. இரவெல்லாம் இளைப்பாறி நீர் நிறைந்திருக்கும் உடம்பு, வெயில் ஏறியபின் அதே தொலைவுக்கு இருமடங்கு விலை கேட்கிறது.

உலகின் பெரிய ஓட்டங்களை நடத்துவோரும் இதைப் பட்டே அறிந்தனர். 1904-இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒலிம்பிக் மாரத்தானைப் பிற்பகல் மூன்று மணி வெயிலில் தொடங்கினார்கள். ஓடுவோர்க்கு நீரும் அருமையாகவே கிடைத்தது. ஓடிய 32 பேரில் முடித்தவர் 14 பேர். 1960-இல் ரோமாபுரியில் அவ்வோட்டத்தை மாலையில் தொடங்கித் தீவட்டி வெளிச்சத்தில் முடித்தார்கள். 2019-இல் டோஹா நகரத்தில் உலகப் போட்டியின் பெண்கள் மாரத்தானை நள்ளிரவுக்குத் தள்ளி வைத்தார்கள். அப்படியும் 68 பேரில் 28 பேர் இடையில் நின்றுவிட்டார்கள். இரவாகவே இருந்தாலும் காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 1950-களில் அமெரிக்கக் கடற்படை வீரர் பயிற்சிக் களத்துக்கென்று வகுக்கப்பட்ட வெப்ப அளவையிலும், காற்றின் ஈரத்தைக் காட்டும் அளவுக்குப் பத்தில் ஏழு பங்கு மதிப்புத் தந்தார்கள். நிழலில் தொங்கும் வெப்பமானியின் அளவுக்கு ஒரே பங்கு. நம் அண்டையில் பினாங்குப் பாலத்து மாரத்தான் பின்னிரவு ஒன்றரை மணிக்குத் தொடங்கும் வழக்கமுடையது. அதைக் கேட்டு நகைத்தவர்களுள் நானும் ஒருவன், இப்பொழுது நகைப்பதில்லை.

இரண்டாவது பாடம் துணியைப் பற்றியது. மூதாட்டியார் அணிந்திருந்தது, நைந்து மெலிந்த, தொளதொளத்த, வெளுத்த நீள்கைச் சட்டை. தலையில் துணி, அதன்மேல் விளிம்பு அகன்ற தொப்பி. "மேலெல்லாம் மூடியிருக்கிறதே, வேகாதா?" என்று பின்னொருநாள் கேட்டேன். "மூடல தம்பி, தொங்குது. காத்து உள்ள வந்து போவுது" என்றார். மேனிக்கும் துணிக்கும் இடையே காற்று உலவ வேண்டும் என்பதே இதன் சாரம். கறுப்பு வெயிலை உண்ணும், வெளிர்நிறம் திருப்பும். பருத்தி நல்லதுதான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவோர்க்கு அது வியர்வையைக் குடித்துக் கனத்து, அக்குளையும் தொடையையும் அறுக்கும். அவர்களுக்கு நீரைத் தாங்காத மெல்லிய செயற்கை இழைத்துணி ஏற்றது. மேனியைக் கவ்வாமல் ஓரளவு தொளதொளப்பாக இருக்கட்டும். காலுறையும் மெல்லியதாகவே இருக்க வேண்டும். ஈரம் ஊறிய தடித்த காலுறையே கொப்புளத்துக்குத் தாய். விலைச்சீட்டைப் பார்த்து இவற்றை அறிய முடியாது. ஒரு துளி நீரைத் துணியில் விட்டு, அது எவ்வளவு விரைவில் காய்கிறதென்று பார்த்தாலே போதும்.

மூன்றாவது சப்பாத்து. இதை எழுத எனக்குச் சற்றுக் கூச்சமாயிருக்கிறது. ஆயினும் எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போவோர் அணியும் ரப்பர் சப்பாத்தை நேயர்கள் அறிவீர்கள். ஒரே வார்ப்பில் செய்த கறுப்புச் சப்பாத்து, கயிறில்லை, பட்டையில்லை, அடியில் குமிழ் குமிழாய்ப் பற்கள். மலாய்க்காரர்கள் 'காசுட் கெத்தா' என்பார்கள். என் தாயார் இருபது ஆண்டுகள் அதையே அணிந்தார். பினாங்கில் நான் படித்தபோது, பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாளொன்றில், வேலைக்காட்டிலிருந்து நேரே பஸ் ஏறி வந்த என் தாயார், சேலை மாற்றிக்கொண்டிருந்தார். சப்பாத்தை மாற்ற மறந்துவிட்டார். பளபளக்கும் அந்தக் கூடத்தில் அச்சப்பாத்து எழுப்பிய கீச்சொலி இன்னும் என் காதில் இருக்கிறது. "இனிமேல் இங்கே வராதீர்கள் அம்மா" என்று நான் சொன்னேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. பிறகு வரவும் இல்லை.

இன்று நடப்பது யாது? ஜெராய் மலையின் வழுக்குப் பாதைகளிலும் நாடெங்குமுள்ள காட்டு வழிகளிலும் ஓடுகின்ற பட்டணத்து இளைஞர்கள், நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கியதை வீட்டில் வைத்துவிட்டு, பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் அதே ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்குக் 'கம்போங் அடிடாஸ்' என்று செல்லப்பெயரும் சூட்டிவிட்டார்கள். காரணம் நேரியது. அந்தப் பற்கள் ஈரக்களிமண்ணைப் பற்றிக்கொள்ளும்; சிற்றாற்றில் இறங்கி ஏறினாலும் ஊறிக் கனப்பதற்கு அதில் துணியோ பஞ்சோ இல்லை. பனி பெய்த புல்லில் வழுக்காமல், கைநிறையப் பாலோடு மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டிய வெட்டாள்களின் தேவைக்கு ஏற்றது அது; ஆகவேதான் மலையிலும் தேறுகிறது. என் தாயாரின் காலில் இழிவாகத் தெரிந்தது பட்டணத்தார் காலில் வீரமாகத் தெரிகிறதென்றால், மாறியது சப்பாத்தா, பார்ப்பவர் கண்ணா?

ரப்பரும் ஓட்டமும் கொண்ட உறவு பழையது. 1820-களிலேயே பிரேசிலின் பாரா துறைமுகத்திலிருந்து ரப்பர் சப்பாத்துகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. ஆனால் கோடையில் அவை இளகி ஒட்டின, குளிரில் விறைத்து வெடித்தன. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சுட்டு ரப்பரைப் பதப்படுத்தும் வழியைக் கண்டபின்பே ரப்பர் வெயிலுக்கு அஞ்சாததாயிற்று. ஜப்பானியரான ஷிசோ கனகுரி, லாசாரோ மாண்ட அதே 1912 ஓட்டத்தில், விரல் பிரிந்த துணிச் சப்பாத்தோடு ஓடி, வெயிலுக்கு ஆற்றாமல் இடையில் நின்றார். ஊர் திரும்பியவர் அந்தச் சப்பாத்துக்கு ரப்பர் அடி பொருத்தச் செய்தார். 1936-இல் பெர்லினில் கொரியரான சோன் கீ சுங் விரல் பிரிந்த அவ்வகைச் சப்பாத்தோடு ஓடியே மாரத்தானில் தங்கம் பெற்றார். 1960-இல் ரோமில் அபேபே பிகிலா, கிடைத்த சப்பாத்து பொருந்தாமையால் வெறுங்காலோடு ஓடி வென்றார். 1964-இல் டோக்கியோவில் சப்பாத்து அணிந்து ஓடி மறுபடியும் வென்றார். வெறுங்காலோடு ஓடும் வழக்கமுடைய பீகாரைச் சேர்ந்த சிவநாத் சிங், 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடி வைத்த இந்தியச் சாதனையை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எவராலும் முறியடிக்க முடியவில்லை.

ஆதலால் சப்பாத்தே வேண்டா என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. பிகிலாவும் சிவநாத் சிங்கும் இளமைமுதல் பழக்கிய கால்களை உடையவர்கள். நாமோ நாற்காலியில் பழகிய கால்களை உடையவர்கள். மலைக்கும் சேற்றுக்கும் ஏற்ற ரப்பர் சப்பாத்து, தார்ச் சாலையில் பத்துக் கிலோமீட்டருக்கு ஏற்றதன்று. அதில் மெத்தை இல்லை. அது காற்றையும் விடாது. தார்ச்சாலைக்கு, மேற்புறம் வலைபோல் காற்றோட்டமுள்ள, அடி ஓரளவு மெத்தென்ற சப்பாத்தே வேண்டும். மாலையில் சென்று வாங்குங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், வெயிலில் ஓடும் காலும் அவ்வாறே வீங்கும். பெருவிரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். நீரிழிவு உடையவர்கள் எந்த நிலையிலும் வெறுங்காலோடு ஓடலாகாது. அணியுமுன் சப்பாத்தினுள் கைவிட்டுத் தடவிப் பார்க்காமல் காலை நுழைக்கவும் ஆகாது. தரையைப் பார்த்தும், தன் காலைப் பார்த்தும் தேர்வதே தேர்வு. பெயரைப் பார்த்துத் தேர்வது வீண்.

இந்த அறிவு எனக்கு வந்த பிறகாவது நான் திருந்தினேனா என்றால், முழுவதும் இல்லை. அடுத்த ஆண்டு, எங்கள் வட்டாரத்தில் நடக்கும் சிறுவர் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எட்டுப் பிள்ளைகளைப் பயிற்றும் பொறுப்பை ஏற்றேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு தேகப்பயிற்சி புதிதன்று. 1940-களில் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தோற்றுவித்த தொண்டர் படையில், கள்ளை ஒழிப்போம் என்று கிளம்பிய இளைஞர்கள் நாள்தோறும் அணிவகுத்துப் பயின்றார்கள் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மரபை மீண்டும் நாட்டப் போகிறேன் என்ற பெருமிதத்தில், "எல்லோரும் நல்ல ஓட்டச் சப்பாத்து வாங்கி வரவேண்டும்" என்று கட்டளையிட்டேன். விலை நூற்றைம்பது வெள்ளி. இரண்டு வாரத்தில் ஒரு பையன் வருவதை நிறுத்திவிட்டான். எட்டுப் பேரில் அவனே நன்றாக ஓடக்கூடியவன்.

அவன் வீட்டுக்குப் போனேன். சுங்கை பட்டாணித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்திருந்த அவன் தாயார், தூக்கக் கண்களோடு, "மாசக் கடைசியில கூட்டுப் பணம் எடுத்துருவேன் ஐயா. அதுவரைக்கும் பையனை வெலக்கிறாதீங்க" என்றார். பெற்றோர் சந்திப்புக்கு என் தாயாரை வராதே என்ற வாய், இப்பொழுது வேறொரு தாயாரிடம் சப்பாத்தில்லாமல் வராதே என்று சொல்லியிருந்தது. அன்றே கட்டளையைத் திரும்பப் பெற்றேன். பையன் பள்ளிக்கு அணிந்து செல்லும் துணிச் சப்பாத்தோடு பயின்றான். ஐந்து கிலோமீட்டருக்கு அது போதும்.

ஓட்டநாள் வந்தது. அழைப்பிதழில் ஏழரை மணி என்று அச்சிட்டிருந்தார்கள். ஆனால் கொடியசைத்துத் தொடங்கிவைக்க வேண்டிய கனவான் வரவில்லை. எட்டு மணி, ஒன்பது மணி. நன்கொடையாளர் பெயர் பொறித்த தடித்த சட்டையை ஏற்கெனவே அணிந்திருந்த சட்டைக்கு மேலேயே மாட்டச் சொல்லிப் பிள்ளைகளைத் திடலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒன்பதே முக்காலுக்குக் கார் வந்தது, மாலை, பேச்சு, பத்தேகாலுக்குக் கொடி அசைந்தது. மூன்றாம் கிலோமீட்டரில் இரண்டு பிள்ளைகள் விழுந்தார்கள். அவர்களில் ஒருவன் எங்கள் பையன், புதுச்சப்பாத்து வாங்கியவன்தான். கண் செருகி, கேட்டதற்கு மாறாக ஏதோ உளறினான். மூதாட்டியார் எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்தேன்: நிழலுக்குத் தூக்கி, சட்டைகளைக் கழற்றி, வாளி வாளியாக நீர் ஊற்றி, அட்டையால் விசிறினோம். வண்டி வருவதற்குள் தெளிந்துவிட்டான். துணிச்சப்பாத்துப் பையன் ஒன்பதாவதாக வந்தான். வந்தவுடன் தன் தோழனைத் தேடினான்.

அன்றிரவு நடத்துநர் குழுவினர்க்கு ஒரு கடிதம் எழுதினேன். வெப்பநாட்டில் ஓடுவோனுக்கு முதற்சாமான் கடிகாரம் என்றும், அதை வாங்க எவருக்கும் கூட்டுப் பணம் எடுக்க வேண்டியதில்லை என்றும், பெரியமனிதர் வருகைக்காகப் பிள்ளைகள் வெயிலில் காத்திருக்கலாகாது என்றும் எழுதினேன். கிராணிக்கு இது தேவையா என்று சிலர் சினந்தார்கள். ஆனால் விழுந்த பிள்ளைகளின் பெற்றோர் அக்கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்துகளோடு சென்ற கடிதம் தனியே சென்ற கடிதத்தைப் போன்றதன்று. மறு ஆண்டில் ஓட்டம் சரியாக ஏழு மணிக்குத் தொடங்கியது. கனவான் ஒன்பது மணிக்கு வந்து பரிசு வழங்கிவிட்டுச் சென்றார். அவருக்கும் அதில் குறையொன்றும் தோன்றவில்லை.

இனி, ஓட எண்ணும் அன்பர்களுக்குச் சில சொற்கள். மின்விசிறிக்கடியில் வாழ்ந்த உடம்பு வெயிலுக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும்; அந்நாட்களில் மெல்லச் சிறிது சிறிதாக ஓடுக. பழகிய உடம்பு முந்தி வியர்க்கும். வியர்வையில் உப்பையும் குறைத்து விடும். தாகத்துக்கு நீர் குடிக்க. தாகமின்றிக் குடங்குடமாகக் குடிப்பதும் இரத்தத்தின் உப்பைக் கரைத்து உயிருக்கே தீங்காகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவோர்க்கு உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் கடைப்போத்தலுக்குக் குறைந்ததன்று. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்க. வெயிலில் குளிர் தோன்றினால், தலை கிறுகிறுத்தால், பேச்சுக் குழறினால், அந்த இடத்திலேயே நின்றுவிடுக, மானம் போகாது. ஒருவர் வெயிலால் விழக் கண்டால், ஆள் அனுப்பி வண்டியை அழைக்கச் செய்து, வண்டி வருமட்டும் குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இப்பொழுது நான் வாரத்தில் நான்கு நாள் ஐந்தரை மணிக்கு ஓடுகிறேன். வெட்டுக்குப் போகும் மூதாட்டியாரின் தலைவிளக்கு நிரைகளுக்கிடையே மின்னுவதைப் பார்த்து, "வர்றேன் பெரியம்மா" என்பேன். "மெதுவா தம்பி" என்று குரல் வரும். நோய் இன்னும் வாசற்படியிலேயே நிற்கிறது; உள்ளே வரவில்லை.

வீடு திரும்பியதும் திண்ணையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன். என் தாயார் விளக்கைக் கொண்டுவந்து, "காலைக் காட்டு" என்பார். இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் தடவிப் பார்த்துவிட்டே காப்பி கொடுப்பார். முதல்நாள் எனக்கு நாணமாயிருந்தது. தந்தையாருக்குச் செய்யத் தெரியாமற்போனதை எனக்குச் செய்கிறார் என்று புரிந்த நாள்முதல் பேசாமல் நீட்டிவிடுகிறேன்.